கினிப்பன்றியின் மூச்சு

மார்கழி பிறந்தால் மற்றவர்களுக்குக் கோலமும் பூசணிப் பூவும் கோயில் பொங்கலும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு என் அத்தையின் மூச்சுதான் ஞாபகத்துக்கு வரும். காவேரிக் கரைப் பனி இறங்கும் அந்த மாதத்தில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு, எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால், அத்தை பெஞ்சியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். இழுப்பு என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் காற்றை இழுப்பதைவிட, இழுத்த காற்றை வெளியே விடுவதில்தான் கஷ்டம் அதிகம். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

அத்தை பார்க்காத வைத்தியம் இல்லை. ஆடாதோடைக் கஷாயம் குடித்தாள். தூதுவளை லேகியம் சாப்பிட்டாள். பாட்டி ஊமத்தை இலையை உலர்த்தி வைத்துக்கொண்டு, இழுப்பு வரும்போது தணலில் போட்டு அந்தப் புகையைப் பிடிக்கச் சொல்வாள். அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைப்பதுண்டு. ஆனால் வாய் உலர்ந்து, கண் மங்கி, அத்தை சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேச ஆரம்பித்துவிடுவாள். ஊமத்தை விஷமல்லவா? அதற்குப் பயந்து பாட்டியே அதை நிறுத்திவிட்டாள்.

இழுப்போடு அத்தைக்கு இன்னோர் உபத்திரவமும் உண்டு. தும்மல். களத்தில் யாராவது நெல் தூற்றினால் போதும், முப்பது நாற்பது என்று கணக்கில்லாமல் தும்முவாள். மூக்கும் கண்ணும் நீராகக் கொட்டும். 1962ஆம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஊர் டாக்டர் இதற்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அலர்ஜி மாத்திரை என்றார். அதை விழுங்கி ஒரு மணி நேரத்துக்கெல்லாம் தும்மல் அடங்கிவிட்டது. கண் அரிப்பு நின்றது. அன்று முதல் அந்த மாத்திரைக்கு எங்கள் வீட்டில் ஏற்பட்ட மதிப்பைச் சொல்லி முடியாது. பாட்டி அதைப் பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு ராத்திரி அத்தைக்கு இழுப்பு வந்தது. அப்பா ஊரில் இல்லை. அம்மா சமையலறையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பேச முடியாமல் அலமாரியைக் கையால் காட்டினாள். நான் ஓடிப்போய் இரண்டு மாத்திரைகளை எடுத்து வந்து கொடுத்தேன். மூக்கைத் திறந்துவிட்ட மருந்து மார்பையும் திறந்துவிடாதா என்பது என் எண்ணம். அத்தையின் எண்ணமும் அதுதான்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அத்தையின் தலை சரிந்து கண் செருகியது. துருத்திச் சத்தமும் மெல்ல மெல்லக் குறைந்தது. "அம்மா, கேட்டுதா? நின்னு போச்சு!" என்று நான் சந்தோஷமாகக் கூவினேன். அம்மா விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் விரல்களைப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. "அக்கா! அக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மாமா எழுந்து ஓடினார். டாக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து, அத்தையின் புஜத்தில் ஊசி போட்டார். பத்து நிமிஷத்தில் அந்தப் பழைய துருத்திச் சத்தம் மறுபடியும் கேட்டது. அதைக் கேட்டு டாக்டர் பெருமூச்சு விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இந்த மாத்திரையை யார் கொடுத்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "இது மூக்குக்கு உண்டானது, தம்பி. மார்புக்கு இல்லே. சத்தம் நின்னா மூச்சு சரியாயிடுச்சுன்னு அர்த்தமும் இல்லே. காத்து போய் வந்தால்தானே சத்தம் வரும்?" என்றார்.

"ரெண்டும் ஒரே அலர்ஜிதானே? மூக்கில் கேட்கிற மருந்து மார்பில் ஏன் கேட்காது?"

"அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெரிய கதையை அவர் எனக்குச் சொல்லவேயில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகங்களில் துண்டு துண்டாகப் படித்து நானாக ஒட்டவைத்துக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இது ஒரு வெற்றியின் சரித்திரம். அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு தோல்வியும் ஒளிந்திருந்தது. அந்தத் தோல்விதான் கடைசியில் அதிகம் கற்றுக்கொடுத்தது.

கதை ஒரு நாயிலிருந்து ஆரம்பிக்கிறது. 1901இல் மொனாக்கோ நாட்டு மன்னர் ஆல்பர்ட்டின் கப்பலில் ரிஷே, போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் பிராணிகளின் விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸுக்குத் திரும்பி வந்து, கடல் சாமந்தி என்ற பிராணியின் விஷத்தைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்தினார்கள். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் உடம்பு அதைத் தாங்கும் என்பது அவர்கள் எண்ணம். நடந்ததோ நேர்மாறு. முதல் ஊசியைச் சுகமாகத் தாங்கிய ஒரு நாய், சில வாரம் கழித்து அற்பமான அளவு விஷத்தை மறுபடி செலுத்தியதும், மூச்சுத் திணறிச் சற்று நேரத்தில் செத்தது. உடம்பு பழகிக்கொள்வதற்குப் பதிலாகப் பகைத்துக்கொண்டுவிட்டது. 1902இல் ரிஷே இதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயரிட்டார். 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதனிடையே 1906இல் வியன்னாவில் குழந்தை வைத்தியராக இருந்த ஃபான் பிர்கே, உடம்பின் இந்த மாறுபட்ட நடத்தைக்கு அலர்ஜி என்ற சொல்லைப் படைத்தார். இன்று கத்தரிக்காய் சாப்பிட்டு உடம்பு அரித்தால் நம் ஊர்ப் பாட்டிகள்கூடச் சொல்கிற சொல் அது.

ஆனால், பகைத்துக்கொண்ட உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதைக் கண்டுபிடிக்க வைத்தியர்கள் ஒரு சாதுப் பிராணியைப் பிடித்தார்கள். கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி, பார்வைக்கு வாலில்லாத கொழுத்த எலி மாதிரி இருக்கும். 1910இல் ஆயர், லூயிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், அனஃபிலாக்ஸிஸால் இறந்த கினிப்பன்றியின் மார்பைத் திறந்து பார்த்தார்கள். நுரையீரல் காற்றடைத்த பை மாதிரி உப்பிப் போயிருந்தது. மூச்சுக்குழாய்களைச் சுற்றியிருக்கும் தசை இறுகியதால், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் அந்தப் பிராணி செத்திருக்கிறது. என் அத்தையின் கஷ்டமேதான்.

இந்தத் தசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கை கால் தசை நம் சொற்படி கேட்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை அப்படியில்லை. நாம் தூங்கினாலும் விழித்தாலும் அது தன் போக்கில் சுருங்கும், தளரும். கோணிப் பையின் வாயில் கட்டிய சுருக்குக் கயிறு மாதிரி, அது இறுகினால் குழாயின் வாய் சிறுத்துவிடும். "தளர்ந்து கொடு" என்று நாம் கெஞ்சினால் கேட்காது. அதற்குப் புரிகிற பாஷை ரசாயன பாஷை ஒன்றுதான்.

அந்த பாஷையில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவர் ஹென்றி டேல். லண்டனில் வெல்கம் ஆராய்ச்சிச்சாலையில் இருந்த அந்த இளைஞரை, ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்கட் என்ற காளானை ஆராயச் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு பொருள் பிரிந்து வந்தது. 1907இலேயே ஜெர்மானிய ரசாயனிகள் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆனால் அது உடம்பில் என்ன செய்யும் என்பதை யாரும் பார்க்கவில்லை. 1910இல் டேலும் அவருடைய சகா லெய்ட்லாவும் பார்த்தார்கள். கினிப்பன்றிக்கு அதைச் செலுத்தியதும் மூச்சுக்குழாய் இறுகி, நுரையீரல் உப்பி, பிராணி செத்தது. அனஃபிலாக்ஸிஸில் சாகிற அதே சாவு! அந்தப் பொருள்தான் ஹிஸ்டமின்.

துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகப் புரியும். கொலை நடந்த விதமும் ஒருவன் கொலை செய்கிற விதமும் அச்சாக ஒத்துப்போகின்றன. ஆனால் அவன் அந்த வீட்டுக்கு வந்தானா என்பதற்குச் சாட்சி வேண்டாமா? டேல் அவசரப்படவில்லை. பதினேழு வருஷம் கழித்து, 1927இல், அவரும் இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட பெஸ்ட் முதலியவர்களும் சேர்ந்து, புத்தம் புதிய நுரையீரலிலும் கல்லீரலிலும் ஹிஸ்டமின் இயல்பாகவே இருப்பதைக் காட்டினார்கள். குற்றவாளி வெளியேயிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளேயே குடியிருந்தான்! அது மாஸ்ட் செல் என்ற உயிரணுக்களில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று 1953இல் ரைலியும் வெஸ்ட்டும் காட்டினார்கள். ஒவ்வாத தூசி வந்து பட்டதும் மூட்டை அவிழ்கிறது.

குற்றவாளி யார் என்று தெரிந்தபின் கைவிலங்கு செய்ய வேண்டியதுதானே? பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஃபூர்னோ என்பவரின் ஆராய்ச்சிச்சாலையில் டேனியல் போவே என்ற ஸ்விஸ் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் யோசனை எளிமையானது. நரம்பு நுனிகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் செய்யும் வேலையைத் தடுக்க அட்ரோபின் இருக்கிறது. அட்ரினலின் செய்வதைத் தடுக்கவும் மருந்துகள் உண்டு. ஹிஸ்டமினைத் தடுக்க மட்டும் ஏன் ஒன்று இருக்கக் கூடாது? 1937இல் அவரும் ஆன்மாரி ஸ்டௌப் என்ற மாணவியும் 929 எஃப் என்ற எண்ணுள்ள ஒரு பொருளைக் கினிப்பன்றிக்குக் கொடுத்துவிட்டு, சாகடிக்கும் அளவு ஹிஸ்டமினைச் செலுத்தினார்கள். கினிப்பன்றி சாகவில்லை. உலகத்தின் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதுதான். எண்ணில் இருக்கும் 'எஃப்' ஃபூர்னோவின் பெயரின் முதல் எழுத்து.

அது மனிதர்கள் சாப்பிடக் கூடாத அளவுக்கு நஞ்சாக இருந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. 1942இல், ஜெர்மானியப் படை பிரான்சில் இருந்த காலத்தில், ஹால்பெர்ன் என்பவர் மனிதர்களுக்குக் கொடுக்கக்கூடிய முதல் மருந்தான அன்டர்கனைக் கொண்டுவந்தார். 1944இல் போவேயின் கூட்டத்தார் மெபிரமின் என்ற இன்னும் நல்ல மருந்தைச் செய்தார்கள். கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், சின்சினாட்டி நகரத்தில், ஜார்ஜ் ரிவேஷல் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேடப்போய், 1943இல் டைஃபென்ஹைட்ரமினைக் கண்டெடுத்தார். 1946இல் அது பெனட்ரில் என்ற பெயரில் டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்தது. 1957இல் போவேக்கு நோபல் பரிசு.

மருந்து வேலை செய்யும் விதம் இதுதான். தசை உயிரணுவின் மேல் ஹிஸ்டமினுக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. சாவி உள்ளே போய்த் திரும்பினால், உயிரணுவுக்குள் கால்சியம் வெளிப்பட்டுத் தசை இறுகும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. சாவி வந்தாலும் நுழைய இடமில்லை. நன்றாகக் கவனிக்க வேண்டும்: மருந்து தசையைத் தொட்டு 'தளர்ந்து கொடு' என்று சொல்வதில்லை. ஒரு சாவியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தசையில் வேறு பூட்டுகள் இருந்தால்? வேறு சாவிகள் வந்தால்?

1940களின் கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. தும்மல், அரிப்பு, தோல் தடிப்பு எல்லாம் இந்த மாத்திரைக்குப் பணிந்தன. கினிப்பன்றியின் மூச்சுக்குழாயை வைத்துக் கண்டுபிடித்த மருந்தல்லவா? ஆஸ்த்மாவும் பணிந்தே தீர வேண்டும் என்று வைத்தியர்கள் எதிர்பார்த்தார்கள். ஆஸ்த்மாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தூங்கினார்கள், மூச்சு விடுவது அப்படியேதான் இருந்தது.

தூக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. மூளையில் இருக்கும் ஹிஸ்டமின் நம்மை விழித்திருக்கச் செய்கிற பொருள்களில் ஒன்று. பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து அதையும் தடுத்துவிடும். இந்தத் தூக்கத்தையே பின்பற்றிப் போய்த்தான் பிரெஞ்சு ரசாயனிகள் 1950இல் குளோர்ப்ரோமசினைச் செய்தார்கள். 1952 முதல் அது மனநோய் வைத்தியத்தையே மாற்றிவிட்டது. அது வேறு கதை. இழுப்பில் தவிக்கும் ஒருவருக்கோ, இரவில் வரும் தூக்கம் உதவியல்ல. அவரும் கூட இருப்பவர்களும் ஏமாந்துபோக அது ஒரு வழி. என் அத்தை செருகிய கண்களோடு உட்கார்ந்திருந்தது இதனால்தானோ, அல்லது மூச்சுக் குறைந்த மயக்கத்தினாலோ, இரண்டும் சேர்ந்துதானோ, யார் கண்டார்கள்? நான் மட்டும் அதைக் குணம் என்று எண்ணிக் கூவினேன்.

சரி, தவறு எங்கே நேர்ந்தது? மிருகத்தைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்தது. ஒவ்வொரு பிராணியும் அனஃபிலாக்ஸிஸில் ஒவ்வொரு விதமாகச் சாகிறது. நாய்க்குக் கல்லீரலில் ரத்தம் தேங்கும். முயலுக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் இறுகும். கினிப்பன்றிக்கு மூச்சுக்குழாய்த் தசை தடிப்பானது. அது ஹிஸ்டமினுக்கு அளவு கடந்து பயப்படும். அதன் சாவில் ஹிஸ்டமினுக்குப் பெரும் பங்கு இருந்தது உண்மை. மனிதனின் கதை அவ்வளவு எளிமையாக இல்லை.

இதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். லண்டனில் ஷில்ட் என்பவரும் அவர் தோழர்களும், அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட ஓர் ஆஸ்த்மாக்காரரின் மூச்சுக்குழாய்த் துண்டை உப்பு நீரில் தொங்கவிட்டு ஆராய்ந்து, 1951இல் முடிவை வெளியிட்டார்கள். ஹிஸ்டமினைச் சேர்த்தால் துண்டு சுருங்கியது. எதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபின் ஹிஸ்டமினால் அதை அசைக்க முடியவில்லை. மருந்து தன் கடமையைச் சரியாகச் செய்தது. ஆனால் அந்த நோயாளிக்கு ஒவ்வாத பொருளைச் சேர்த்தபோது, மருந்து இருக்கும்போதே துண்டு சுருங்கியது. ஹிஸ்டமினுக்கு விலங்கு போட்டாயிற்று. அப்படியும் கழுத்தை நெரிக்கிறது ஒரு கை. அது யாருடைய கை?

அந்தக் கையின் ரேகை முன்பே வேறோர் இடத்தில் பதிந்திருந்தது. 1938இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஃபெல்ட்பர்க், கெல்லவே என்ற இருவர், நாகப்பாம்பின் விஷத்தைக் கினிப்பன்றி நுரையீரலின் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஃபெல்ட்பர்க் யூதர், 1933இல் ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் வேலை போய், டேலின் உதவியால் லண்டனுக்கு வந்தவர். நுரையீரலிலிருந்து ஹிஸ்டமினோடு கூட இன்னொரு பொருளும் வெளிவந்ததை அவர்கள் கண்டார்கள். ஹிஸ்டமின் தசையைச் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும். இந்தப் பொருளோ மெதுவாக இறுக்கி நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டது. அது இன்னதென்று தெரியாததால் 'மெதுவாக வேலை செய்யும் பொருள்' என்றே பெயர் வைத்தார்கள். 1960இல் ப்ராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர், ஒவ்வாமை வந்த மனித நுரையீரலும் இத்தகைய பொருளை வெளியிடுகிறது என்றும், ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதை ஒன்றும் செய்வதில்லை என்றும் காட்டினார். அத்தைக்கு நான் மாத்திரை கொடுப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்!

பெயரில்லாத அந்தப் பொருளின் உருவம் தெரிய இன்னும் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 1979இல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் சாமுவல்சனின் கூட்டத்தார் அதன் அமைப்பைக் கண்டு லூக்கோட்ரையீன் என்று பெயரிட்டார்கள். ஒரே பொருள்கூட அல்ல, ஒரு குடும்பம். மனிதனின் மூச்சுக்குழாயை இறுக்குவதில் இந்தக் குடும்பத்தில் சில ஹிஸ்டமினைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலியவை. 1982இல் சாமுவல்சன் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். இந்தப் புதுச் சாவிகளுக்கான பூட்டை அடைக்கும் மாத்திரைகள் 1990களில் வந்தன. மான்டெலுகாஸ்ட் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவ்வளவு சொன்னதால், அலர்ஜி மாத்திரை மூச்சுக்குழாய்த் தசையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் ஹிஸ்டமினை முகர்ந்து அதனால் அவருடைய குழாய் இறுகுமானால், மாத்திரை அதைத் தடுக்கும். ஆஸ்த்மாக்காரர்களின் குழாய் இந்த மருந்துகளால் சிறிதளவு தளர்வதும் உண்டு. 1970களிலும் 80களிலும் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தளர்வு, நெருக்கடியில் இருப்பவருக்குப் போதாது. பெருவெள்ளம் வரும்போது ஒரு மதகை மட்டும் அடைத்த கதைதான். பழைய மாத்திரைகள் சளியை உலர்த்திக் கெட்டியாக்கிவிடும், ஆஸ்த்மாக்காரர்கள் அவற்றைத் தொடவே கூடாது என்று ஒரு பயமும் வெகுகாலம் இருந்தது. பின்னால் ஆராய்ந்த மருத்துவர்கள் அந்தப் பயம் மிகையானது என்றார்கள். ஆஸ்த்மாக்காரருக்கும் மூக்கு ஒழுகினால் மாத்திரை கொடுக்கலாம். மூக்கில் ஹிஸ்டமினின் கை ஓங்கியிருக்கிறது. நரம்பு நுனியைக் கிள்ளித் தும்மல் வரவழைப்பதும், ரத்தக்குழாயைக் கசியவிட்டு நீர் கொட்டச் செய்வதும் பெரும்பாலும் அதுதான். அங்கே மூச்சுக்குழாயில் இருப்பதுபோல் சுற்றி இறுக்கும் தசையும் இல்லை. அதனால் ஒரு சாவியைத் தடுத்தால் அங்கே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் டாக்டர் போட்ட ஊசி என்ன செய்தது? அந்தக் குப்பியில் இருந்தது அட்ரினலின். 1903இலேயே நியூயார்க்கில் ஆஸ்த்மாவுக்கு அதை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அது எந்தச் சாவியையும் தடுப்பதில்லை. இறுக்கியவன் யார் என்று விசாரிப்பதும் இல்லை. நேரே தசைக்குள் தளரச் சொல்லும் பூட்டைத் திறக்கிறது. ஹிஸ்டமின் இறுக்கியிருந்தாலும் லூக்கோட்ரையீன் இறுக்கியிருந்தாலும் தசை தளர்ந்து கொடுக்கிறது. 1969இல் பிரிட்டனில் வந்த சால்புடமால் முதலிய உறிஞ்சு மருந்துகளும் இந்த வம்சம்தான். இந்த வித்தியாசத்தைச் சாதாரண மனிதர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தேனீ கொட்டியோ, மருந்து ஒவ்வாமலோ, ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தால், அவருக்கு முதலில் வேண்டியது அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பாட்டியின் ஊமத்தைப் புகையை மறந்துவிடக் கூடாது. அதிலே அட்ரோபின் போன்ற பொருள்கள் இருக்கின்றன; போவே உதாரணம் காட்டிய அதே அட்ரோபின். அது நரம்பிலிருந்து வரும் சாவியைத் தடுத்துக் குழாயைக் கொஞ்சம் தளர்த்தும். இந்த வைத்தியம் நம் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போயிற்று என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? கம்பெனி ஆட்சியில் சென்னையில் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஊமத்தைப் புகையைக் கையாண்டிருக்கிறார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அதை அங்கே கொண்டுபோனார். அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்த்மாக்காரர்கள் ஊமத்தைச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளுக்கும் இந்த ஊமத்தைக் குணம் சிறிது உண்டு. வாய் உலர்வது அதனால்தான். பாட்டியின் தணல் சட்டியும் டாக்டரின் மாத்திரையும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் அல்ல.

ஹிஸ்டமினைக் குற்றவாளி என்று டேல் சொன்னது பொய்யல்ல. போவே செய்த விலங்கும் பழுதல்ல. இருவரும் சொன்னது கினிப்பன்றியைப் பொறுத்தவரை உண்மை. அந்த உண்மையை மனிதனின் மார்பு வரைக்கும் நீட்டினவர்கள், வழியில் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் ஷில்ட்டும் ப்ராக்கிள்ஹர்ஸ்ட்டும். மருந்து தோற்றுப்போனதை மறைக்காமல், ஏன் தோற்றது என்று உப்பு நீரில் ஒரு துண்டுத் தசையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் லூக்கோட்ரையீன் இன்றும் பெயரில்லாத பொருளாகவே இருந்திருக்கும்.

அத்தை அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு உறிஞ்சு மருந்து கிடைத்தது. புடைவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, "இது இருக்கிற வரைக்கும் எமனுக்கு நடை வீண்" என்பாள். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் பேரனுக்கும் அத்தையின் உடம்புதான் வாய்த்திருக்கிறது. தும்மலும் உண்டு, இழுப்பும் உண்டு. அவன் மருந்துகளை ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். போன மாதம் நான் இரண்டு டப்பா வாங்கி வந்து, ஒன்றில் 'மூக்கு' என்றும் மற்றொன்றில் 'மார்பு' என்றும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். "எதுக்குத் தாத்தா இதெல்லாம்?" என்று கேட்டான். அவனுக்கும் இப்போது பன்னிரண்டு வயது. 'பெரிய கதை' என்று சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன்.